குசினி வாசலுக்குத் திரும்பிய ஸ்பீக்கர்

மானிப்பாயிலிருந்து ஸ்பீக்கர் பூட்ட வந்தவர் காதோரம் நரைத்த, மெலிந்த மனிதர். எங்கள் சின்ன அறையின் மூலைக்கு மூலை நின்று கைதட்டி, கண்ணை மூடிக் கேட்டார். பிறகு ஒரு பழைய பாட்டைப் போட்டு, இரண்டு ஸ்பீக்கரையும் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பி வைத்தார்.

அவர் போனபின் என் கதிரையில் சாய்ந்திருந்து கேட்டேன், பாட்டு சப்பென்றிருந்தது. மனைவி சமைக்கும் குசினியின் வாசலில் நின்றால் மட்டும் முழுதாகக் கேட்டது. போன் எடுத்துக் குறை சொன்னேன்.

“ஓம் தம்பி, அங்கைக்குத்தான் வைச்சனான். தங்கச்சி அந்த வாசலிலை நிண்டு கூடவே மெல்லமாப் பாடினவ.”

என் மனைவி பாடுவாள் என்பது பதினெட்டு வருடமாக எனக்குத் தெரியாது. அரைமணி நேரம் நின்ற மனிதருக்குக் கேட்டிருக்கிறது. ஸ்பீக்கரை நான் தொடவில்லை. வாசலடியில் அவளுக்கொரு கதிரை போட்டேன். என்னுடையது அதற்குப் பின்னால்.