வால்டெமிரின் பதினொரு நிமிடம்

பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு வால்டெமிர் கதிரையை ஆட்டிப் பார்க்கிறார். 'டொக்' என்கிறது. மேடையில் முழந்தாளிட்டு, ஒரு காலுக்கு அடியில் அட்டையை மடித்து வைத்து மறுபடி ஆட்டுகிறார். மறுபடியும் டொக். "கள்ளக் கதிரை!" என்று திட்டுகிறார். வயலின்காரி சயந்தினி உட்காரப் போகும் கதிரை அது. அவள் மெதுவாக வாசிக்கும் இடத்தில் இந்தச் சத்தம் மண்டபம் முழுக்கக் கேட்கும்.

பிரேசிலில் ரெசீஃபே நகரத்துக்காரர். யாழ்ப்பாணத்துச் சிவாஜினியைக் கட்டி, சிட்னி கிரவீனில் இருபது வருடக் குடித்தனம். தமிழ், வீட்டில் கேட்டுப் பிடித்துக்கொண்டது. மனைவி அவரோடு பேசுகிற மாதிரியே அவரும் ஊரோடு பேசுவார். பெரியவர் சிறியவர் எல்லோருக்கும் 'நீ'தான். யாரும் கோபிப்பதில்லை.

தொழில், இசைக்கோப்பு. அடுத்தவர் போட்ட மெட்டைக் கொண்டுவந்து கொடுத்தால், யார் எப்போது வாசிப்பது, யார் எப்போது சும்மா இருப்பது என்று எழுதித் தருவார். பெரும்பாலும் சும்மா இருக்கச் சொல்வதுதான். "நல்லாத்தான் இருக்கு. வெட்டு!" கல்யாண வரவேற்போ நடனப்பள்ளி ஆண்டு விழாவோ, அந்தப் பென்சிலுக்குத் தப்பியவர் கிடையாது. முகம் சுளித்தவர்களே அடுத்த விழாவுக்கும் அவரைத்தான் தேடி வருகிறார்கள்.

அவர் எழுதும் தாள்களில் வாத்தியத்தின் பெயர் இருக்காது, ஆளின் பெயர்தான் இருக்கும். சயந்தினி ஆஸ்பத்திரியில் தாதி. இடக்கைச் சுண்டுவிரல் முறிந்து பொருந்தியதிலிருந்து சரியாக மடங்காது. வாசிப்பையே விட்டிருந்தவளை இழுத்து வந்து, சுண்டுவிரல் தேவைப்படாத ஒரு நீண்ட பகுதியை அவளுக்கென்று எழுதினார். அவருடைய சொந்தப் படைப்பின் நடுப்பகுதி அது. இத்தனை வருடத்தில் அவர் பெயரில் மேடையேறும் முதல் படைப்பு. பதினொரு நிமிடம்.

ஞாயிறு பின்னேரம், நாலே முக்கால். ஐந்து மணிக்கு மண்டபத்தை விட வேண்டும். அடுத்த வாடகைக்காரர்கள் பிறந்தநாள் பலூன்களோடு வாசலில் நிற்கிறார்கள். திரைக்கு வெளியே ஒருவர் இன்னும் வாழ்த்திக்கொண்டிருக்கிறார். விழாவை நடத்தும் மகேந்திரராஜா வியர்த்து விறுவிறுத்து உள்ளே வருகிறார்.

"மாஸ்டர், குறை நினைக்காதேங்கோ. பேச்சுகள் நீண்டு போச்சு. உங்கட இசைக்கு அஞ்சு நிமிசம்தான் தரேலும். நடுவில மெதுவா ஒரு வயலின் வருகுதெல்லோ, அதைத் தூக்கினால் சரி."

வால்டெமிர் காதிலிருந்த பென்சிலை எடுக்கிறார். ஊரார் பாட்டையெல்லாம் வெட்டியவருக்குத் தெரியாதா, அந்த இடத்தில் வெட்டினால் சரியாக ஐந்து நிமிடம்தான். பென்சில் தாளின்மேல் நிற்கிறது. சயந்தினி வில்லை மடியில் வைத்துக்கொண்டு, "பரவாயில்லை மாஸ்டர், வெட்டுங்கோ," என்கிறாள். அவள் அப்படி விட்டுக்கொடுத்ததுதான் அவருக்கு ஆத்திரத்தைக் கிளப்புகிறது.

"லிஸ்டைக் காட்டு." மகேந்திரராஜாவின் கையிலிருந்த நிகழ்ச்சி நிரலைப் பறிக்கிறார். மிச்சம் இரண்டே வரி. 'வால்டெமிர் கௌரவிப்பு: அறிமுகம், பொன்னாடை, ஏற்புரை, ஆறு நிமிடம்.' அதன்கீழ் அவருடைய இசை.

"நல்லாத்தான் இருக்கு," என்கிறார். "வெட்டு." கௌரவிப்பின்மேல் ஒரே கோடு.

"ஐயோ மாஸ்டர், பொன்னாடை வாங்கியாச்சு! தட்டில இருக்கு!"

"ஓம். தா."

வாங்கியதை நாலாக மடிக்கிறார். மறுபடி முழந்தாளிட்டு, சயந்தினியின் கதிரைக்காலுக்கு அடியில் திணித்து, ஆட்டிப் பார்க்கிறார். சத்தமில்லை.