மில் ஒழுங்கையின் மூன்றாவது கம்பம்

எனக்கு ஆட்களோடு கதைப்பது கஷ்டம். ஒன்பதாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டதற்கு அதுவும் ஒரு காரணம். கல்முனையில் மின்சாரக் கந்தோரில் வேலை கிடைத்தபோது, கம்பியோடும் கம்பத்தோடும்தானே வேலை, யாரோடும் வாய் கொடுக்கத் தேவையில்லை என்று சந்தோஷப்பட்டேன். கம்பத்தில் ஏறுகிறவர் லைன்மன். கீழே நின்று ஏணியைப் பிடிப்பதும், சாமான்களைக் கயிற்றில் கட்டி மேலே அனுப்புவதும் என் வேலை. லைன்மன் பாண்டிருப்புத் தமிழர், என்னைவிடப் பத்து வயது மூத்தவர்; நான் முஸ்லிம். மூத்தவரை எங்கள் ஆட்கள் காக்கா என்பார்கள், நான் அவரை மட்டும் அவருடைய ஆட்களைப் போல அண்ணன் என்று கூப்பிடுவேன்.

சூறாவளி அடித்து ஊர்க் கம்பங்கள் எல்லாம் படுத்த பிறகு, கையில் வசதி உள்ளவர்கள் ஜெனரேட்டர் வாங்கி வைத்தார்கள். நெல் மில்லில் ஒன்று, படக் கொட்டகையில் ஒன்று, ஐஸ் போடும் இடத்தில் ஒன்று. ஜெனரேட்டர் வைத்தால் கட்டாயம் ஒரு மாற்றுச் சுவிட்சும் வைக்க வேண்டும். கைப்பிடி மேலே இருந்தால் கந்தோர்க் கரண்ட், கீழே இருந்தால் ஜெனரேட்டர். இரண்டும் ஒரு நேரத்தில் சேரக் கூடாது. சேர்ந்தால் ஜெனரேட்டரின் கரண்ட் பின்பக்கமாகப் போய் வீதிக் கம்பியில் ஏறிவிடும். நாங்கள் செத்த கம்பி என்று நினைத்துத் தொடுவதில் உயிர் இருக்கும்.

அப்படித்தான் நடந்தது. மில்லுக்குப் பக்கத்து ஒழுங்கை ஒரு சின்னத் தெரு. அதில் மூன்றாவது கம்பத்தின் குறுக்குச் சட்டம் உக்கிப் போயிருந்தது. மாரி தொடங்குமுன் அதை மாற்ற வேண்டும். காலையில் டிரான்ஸ்போமரில் பியூஸைக் கழற்றினோம். மில்லுக்கும் கரண்ட் போவது அந்த ஒழுங்கைக் கம்பியால்தான், அதனால் மில்லுக்கும் ஒழுங்கைக்கும் கரண்ட் நின்றது. ஒழுங்கை முகப்பில் கம்பியையும் பிரித்துவிட்டோம். அண்ணன் டெஸ்ட் பல்பை வைத்துப் பார்த்து, செத்துவிட்டது என்று சொல்லித்தான் வேலையைத் தொடங்கினார். அரை மணித்தியாலம் கழித்து மேலே இருந்து ஒரு சத்தம் வந்தது. பார்த்தால் இடுப்புப் பட்டியில் தலைகீழாகத் தொங்குகிறார். வலது உள்ளங்கை வெந்திருந்தது. பட்டி இல்லாவிட்டால் அன்றைக்கே ஜனாஸா தூக்கியிருக்க வேண்டும் என்றுதான் ஊரில் கதைத்தார்கள்.

கந்தோரில் பெரியவர் மில் ஜெனரேட்டரைச் சோதித்து எழுதித் தரச் சொன்னார். அந்தப் பக்கத்தில் ஜெனரேட்டர் இருந்தது மில்லில் மட்டும்தான். கையில் கட்டுப்போட்டபடியே அண்ணனும் வந்தார். மில்லுக்கு வரும் பியூஸை மட்டும் கழற்றிவிட்டு, இஞ்சினை ஓட்டச் சொன்னோம். இஞ்சினைப் பார்ப்பவர் ஐம்பது வயது மனிதர், ஊரில் எல்லோருக்கும் காக்கா. அவர் கைப்பிடியைக் கீழே இழுத்தார். மில்லுக்குள் பல்புகள் எரிந்தன. அண்ணன் வெளியே வரும் கம்பியில் டெஸ்ட் பல்பை வைத்தார். இருட்டு. திரும்பவும் மேலே, திரும்பவும் கீழே. ஆறு தரம் செய்தோம். ஆறு தரமும் இருட்டு.

“இன்னும் எத்தின தரம் பாக்கப் போறயள்? சுவிட்சு தேஞ்சிரும்” என்றார் காக்கா.

“என்ட கை வெந்தது தேயல்லயே, காக்கா” என்றார் அண்ணன்.

மில் முதலாளி வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். “ஏறத் தெரியாதவனெல்லாம் போஸ்டுல ஏறுறதும், மறுகா என்ட மில்லில பழி போடுறதும். எழுதுங்கடா சரியெண்டு, வேல கிடக்கு.”

நான் படிவத்தில் ‘சரி’ என்று எழுதினேன். எழுதும்போது காக்காவைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. மில்லின் பின்சுவர்ப் பக்கம் ஒரு தரம் பார்த்துவிட்டு, எண்ணெய்த் துணியால் துடைத்த கையையே திரும்பவும் துடைத்தார். இவர் எதையோ மறைக்கிறார் என்று எனக்குப் பட்டது. அண்ணனுக்கு அடித்த அன்றைக்குச் சுவிட்சைத் தொடாமலே இஞ்சினை ஓட்டினாரா என்று கேட்க நினைத்தேன். வாய் வரவில்லை. கந்தோருக்குத் திரும்பும் வழியில் அண்ணனிடம் மட்டும் சொன்னேன்.

அவர் சைக்கிளை நிறுத்தினார். “மறைக்கிறான் எண்டு தெரிஞ்சுதான் சரியெண்டு எழுதினியா?”

“பல்பு எரியல்லயே, அண்ணன்.”

“ஒங்கட ஆக்கள்ட மில்லு. ஒன்ட ‘சரி’ய நம்பி நான் ஏறோணும், என்ன?”

நான் படிவத்தை மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்தேன். அதையே அவர் என் பதிலாக எடுத்துக்கொண்டார் என்று பிறகுதான் விளங்கியது. அடுத்த ஒரு கிழமை, ஏழு நாளும், அவர் என்னிடம் தேநீர்க் கோப்பையைக்கூட வாங்கிக் குடிக்கவில்லை. ஏணியை நான் பிடித்தால், பிடித்த இடத்தைத் திரும்பவும் தானே அசைத்துப் பார்ப்பார்.

அடுத்த வியாழக்கிழமை மிச்ச வேலையை முடிக்கப் போனோம். முன்பு போலவே பியூஸைக் கழற்றினோம், ஒழுங்கை முகப்பில் கம்பியைப் பிரித்தோம். அண்ணன் ஏறிப் பல்பை வைத்தார். இருட்டு. ஆனால் வேலையைத் தொடங்கவில்லை. பட்டியில் சாய்ந்து, பல்பைக் கம்பியிலேயே பிடித்துக்கொண்டு காத்திருந்தார். மில்லில் இஞ்சின் இரையத் தொடங்கியது. நான் ஓடிப்போய் மில்லுக்குள் எட்டிப் பார்த்தேன். கைப்பிடி கீழேதான் இருந்தது, சரியான இடத்தில். திரும்பி வந்தேன். கொஞ்ச நேரத்தில் அண்ணனின் கையில் இருந்த பல்பு எரிந்தது.

அவர் இறங்கிவிட்டார்.

“சுவிட்சு எங்க கிடக்கு?”

“கீழ. நான் கண்ணால பாத்தன்.”

“நீ பாத்தா சரிதான்” என்று சொல்லிவிட்டு, கம்பத்தடியில் குந்திப் பீடியைப் பற்றவைத்தார். “நான் இனி இந்தப் போஸ்டுல ஏற மாட்டன். எனக்கு மூணு புள்ளயள். கந்தோர்ல போய்ச் சொல்லு, அவனுக்குப் பயம் எண்டு.”

அவர் ஏறாவிட்டால் வேலை போகும், ஏறினால் உயிர் போகலாம். இரண்டுக்கும் என் கையெழுத்துத்தான் காரணம் என்று நினைத்தபோது அந்த இடத்தில் நிற்க முடியவில்லை. ஒழுங்கையில் நடந்தேன். ஐந்து வீடுகள். வேலை நாள் என்பதால் ஆண்கள் ஒருவரும் இல்லை. நான்கு வீடுகளில் சத்தமில்லை. மில்லின் பின்சுவரை ஒட்டியிருந்த ஐந்தாவது வீட்டில் மட்டும் ரேடியோ பாடியது. ஜன்னல் வழியாக மின்விசிறி சுற்றுவதும் தெரிந்தது.

அது முதலாளி தன் மூத்த மகளுக்குச் சீதனமாகக் கட்டிக் கொடுத்த வீடு. எங்கள் ஊர்களில் மகளைக் கட்டிக் கொடுத்தால் வீட்டையும் கட்டிக் கொடுக்க வேண்டும், வளவைப் பிரித்துப் பக்கத்திலேயே கட்டுவார்கள். ஆண்கள் இல்லாத வீட்டு வாசலில் நின்று கூப்பிடுவது எனக்குச் சாவதைப் போல. மூன்று தரம் வாசல் கேற்றடிக்குப் போய்த் திரும்பினேன். பிறகு கண்ணை நிலத்தில் வைத்துக்கொண்டு “ராத்தா” என்று, அக்கா முறை சொல்லிக் கூப்பிட்டேன்.

திரைக்குப் பின்னால் இருந்து குரல் வந்தது. “ஆரு? அவர் கடைக்குப் போயிட்டார்.”

“கரண்டுக் கந்தோர். ஊரெல்லாம் கரண்ட் இல்ல. ஒங்கட ஊட்ட மட்டும்...”

“அது வாப்பாட மில்லுக் கரண்ட்” என்றார், பெருமையாக. “காக்கா வயர் ஒண்டு செஞ்சு தந்திரிக்கார். சுவரில ஓட்டையால வரும். கரண்ட் போனா ப்ளக்கில குத்துவன், கரண்ட் வந்தா கழத்தி அலுமாரிக்குள்ள வெச்சிருவன்.”

“குத்தக்குள்ள ஒங்கட மெயின் சுவிட்ச ஓப் பண்ணுவீங்களா?”

“என்னத்துக்கு? அத ஓப் பண்ணினா வெளிய கரண்ட் வந்தது எப்படித் தெரியும்? இப்ப, கரண்ட் வந்தா படாரெண்டு ஒரு சத்தம் கேக்கும், பியூஸ் எரியும், நான் கழத்திருவன். காக்கா அடுத்த பியூஸ் போட்டுத் தருவார்.”

எனக்கு அப்போதுதான் விளங்கியது. மில் ஜெனரேட்டரின் கரண்ட் சுவர் ஓட்டையால் மகளின் வீட்டுக்குள் வந்து, அவளுடைய மீட்டர் வழியாக வீதிக் கம்பியில் ஏறியிருக்கிறது. மில்லின் சுவிட்சை நாங்கள் நூறு தரம் சோதித்தாலும் அது சரியென்றே சொல்லும். சோதித்த நாளில் ஒழுங்கைக்குக் கரண்ட் இருந்தது, வயர் அலுமாரிக்குள் சுருண்டு கிடந்தது. காக்கா மறைத்தது இதைத்தான். சுவிட்சில் அவர் பொய் சொல்லவில்லை.

“ராத்தா, அதக் கழத்துங்க. போஸ்டுல ஒரு ஆள் ஏறி நிக்கிறார்” என்றேன். ஏறி நிற்கவில்லை, ஆனால் அப்படித்தான் வாயில் வந்தது.

உள்ளே ரேடியோ நின்றது. கொஞ்ச நேரத்தில் திரைக்குக் கீழால் வயர் வந்தது. இரண்டு முனையிலும் ப்ளக். மற்ற முனையையும் சுவருக்கு அந்தப் பக்கத்தில் இருந்து அவரே இழுத்தெடுத்திருந்தார். “அல்லாவே, எனக்குத் தெரியா. போன கிழம அந்த அண்ணனுக்கு அடிச்சதும் இதா?” என்று கேட்டார். நான் வயரைச் சுருட்டிக்கொண்டு கம்பத்தடிக்கு ஓடினேன்.

அண்ணனிடம் வயரை நீட்டினேன். நடந்ததைச் சொன்னேன், ஒரே மூச்சில். என் வாழ்க்கையில் அவ்வளவு நீளமாக யாரிடமும் கதைத்ததில்லை. அவர் இரண்டு ப்ளக்குகளையும் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“மருமகனுக்குக் காத்து வரட்டுமெண்டு செஞ்ச வேல” என்றார். சிரிக்கவில்லை. பிறகு வயரை என் கழுத்தில் மாலை போலப் போட்டு, இரண்டு முனைகளையும் என் இரண்டு கைகளிலும் தந்தார். “நான் இறங்குமட்டும் இதக் கையில வெச்சிரு. நான் பாக்குற மாதிரி வெச்சிரு.”

ஏறினார். பல்பை வைத்துப் பார்த்தார், புறங்கையால் தட்டிப் பார்த்தார், திரும்பவும் பல்பை வைத்தார். மத்தியானம் வரை வேலை செய்தார். சட்டத்தைப் பார்த்ததைவிடக் கீழே என் கைகளைப் பார்த்ததுதான் அதிகம். இறங்கியதும் ஒரு முனையின் ப்ளக்கை வெட்டித் தன் காற்சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

“ஐஸ்காரருக்கு எத்தின பொம்புளப் புள்ளயள்டா?” என்று கேட்டார்.

அதற்குப் பிறகு ஜெனரேட்டர் உள்ள இடங்களுக்குச் சோதனைக்குப் போனால், சுவிட்சைப் பார்க்குமுன் நாங்கள் கேட்ட முதல் கேள்வி அதுதான். எத்தனை பெண் பிள்ளைகள், எங்கே வீடு கட்டிக் கொடுத்தீர்கள். கேட்க வேண்டியது நான். ஊருக்குள் உறவு உள்ளவன் நான்தானே. முதலாளிமார் என்னை ஏற இறங்கப் பார்ப்பார்கள். கலியாணமாகாத ஒருவன் கையில் படிவத்தோடு வந்து மகள்மாரின் எண்ணிக்கையைக் கேட்கிறான். ஒருவர் கேட்டே விட்டார், “ஒன்ன ஆரு மனே பொண்ணு கேட்டு அனுப்பின?” என்று.