ஓரம் கரைந்த கட்டி

உங்கள் வீட்டுப் பெண்ணின் மார்பில் ஒரு கட்டி தென்பட்டால் ஆஸ்பத்திரிக்குப் போவீர்களா, கைப்பேசியில் வந்த வீடியோவை நம்பிப் போவீர்களா? கள்ளிக்குப்பம் ஜோதிகா வீடியோவைத்தான் நம்பினாள். பிறகு அவளே இன்னொரு வீடியோ ஆனாள்.

மாங்காட்டில் தட்சிணாமூர்த்தி என்றொருவன் பச்சிலைப் பத்து போடுகிறான். எங்கே படித்தான் என்று ஒருவரும் கேட்டதில்லை. பரிசோதனை ஊசி பட்டால் கட்டி உடைந்து உடம்பெல்லாம் பரவும் என்பதுதான் அவனுக்குத் தெரிந்த மொத்த மருத்துவம். மாதக்கணக்கில் பத்து போட்ட பிறகு ஜோதிகாவின் கட்டியை அமுக்கிப் பார்த்தான். முதலில் கோலிகுண்டு மாதிரி தனியாக உருண்டது, இப்போது ஓரமே தெரியவில்லை. கரைகிறது என்று மார்தட்டினான். கேமரா முன்னால் அவளை உட்காரவைத்து, அவள் வாயாலேயே அதைச் சொல்லவைத்தான். நோயாளிகள் காத்திருக்கும் அறையின் டிவியில் அவள் சிரித்துக்கொண்டே இருந்தாள். ஊரில் அவளை அடக்கம் செய்த அன்றும் சிரித்தாள்.

அவளுடைய அக்கா சித்ரா, அம்பத்தூர் எஸ்டேட்டில் ஏற்றுமதிச் சட்டைகளைச் சரிபார்க்கிறவள். விதி என்று ஆறுதல் சொல்ல வந்தவர்களுக்கு அவள் காபிகூடக் கொடுக்கவில்லை. தங்கைக்குக் கடைசியில் வைத்தியம் பார்த்த அரசு மருத்துவரிடம் போய், கட்டி கரைந்தது உண்மையானால் அவள் ஏன் செத்தாள் என்று கேட்டாள்.

கரையவில்லை, கிளம்பிவிட்டது என்றார் அந்த டாக்டரம்மா. உடம்பின் செல்கள் கேதரின் என்ற புரதத்தால் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டிருக்கின்றன. சட்டையில் டிச் பட்டன் பிடிப்பது போல. ஸ்னெய்ல் என்று இன்னொரு புரதம் இருக்கிறது. கேதரின் உற்பத்தியை நிறுத்தும் அதிகாரம் அதற்கு உண்டு. கருவில் உறுப்புகள் உருவாகும்போது செல்கள் இடம் மாற வேண்டும், அப்போது அது தேவை. பிறகு பெரும்பாலும் ஓய்ந்துவிடும். புற்றுநோய் அதை மறுபடி எழுப்பிவிடலாம். அப்போது செல்கள் பிடியை விடும். வேறு சில புரதங்கள் செல்லின் முன்பக்கத்தைக் கால் போல நீட்டும், பின்பக்கத்தை இழுத்துக்கொள்ளும். இப்படியே ஊர்ந்து ரத்தக்குழாய்க்குள் இறங்கும். ஓரம் தெரியாமல் போனது அதனால்தான்.

நோய் பரவியதன் அடையாளத்தையே அவன் விளம்பரம் ஆக்கியிருக்கிறான் என்பது சித்ராவுக்கு அப்போதுதான் புரிந்தது.

அடுத்த ஞாயிறு அந்த டிவியை உடைக்கப் பையில் செங்கல்லோடு மாங்காட்டுக்குப் போனாள். உள்ளே ஒரு பெண் ஜோதிகாவின் சிரிப்பையே பார்த்துக்கொண்டிருந்தாள். பூந்தமல்லி சபீனா. தனக்கும் இந்த அக்கா மாதிரியே கரைந்துவிட வேண்டும் என்று தானாகவே பேச்சுக் கொடுத்தாள். சித்ரா பையைக் கீழே வைத்தாள்.

"அங்க சிரிச்சிகினு கீறாளே, அவ என் தங்கச்சிமா. செத்துட்டா."

சபீனாவின் முகம் வெளுத்தது. பேச்சு காதில் விழுந்து தட்சிணாமூர்த்தி வெளியே வந்தான்.

"இன்னாம்மா, என் எடத்துல வந்து ஒப்பாரி வெச்சிகினு கீறே? ஆஸ்பத்திரில ஊசி குத்தவுட்டீங்க, பரவிச்சி. நான் சொன்னதுதான நடந்துது?"

"முதுகெலும்புல ஏறிப்போச்சுன்னு ஸ்கேன்ல தெரிஞ்சப்புறந்தான்யா ஊசியே குத்துனாங்க. அதுக்கு முன்னாடி அவ மேல பட்டது உன் கை மட்டுந்தான்."

டிவியில் ஜோதிகா கரைகிறது என்று சொல்லிக்கொண்டிருந்தாள். சபீனா எழுந்து செருப்பை மாட்டினாள்.

மறுநாள் சித்ரா லீவு போட்டுவிட்டு அவளோடு ஆஸ்பத்திரிக்குப் போனாள். ஊசிப் பரிசோதனையில் புற்றுநோய் என்று தெரிந்தது. ஆனால் வேறெங்கும் பரவியிருக்கவில்லை. அறுவை சிகிச்சை முடிந்து சபீனா இப்போது மருந்து எடுத்துக்கொள்கிறாள்.

இதோடு பழி தீர்ந்தது என்று சித்ரா நினைக்கவில்லை. அவன் டிவியைக் கழற்றிவிட்டான், பத்து போடுவதை நிறுத்தவில்லை. அவன் கம்பி எண்ண வேண்டும் என்று மாவட்ட சுகாதார அதிகாரிகளிடம் புகார் கொடுத்திருக்கிறாள். விசாரணைக்கு இன்னும் சாட்சிகள் வேண்டுமாம். அவனிடம் பெண்களைப் பறிகொடுத்த வீடுகள் ஆவடியிலும் திருநின்றவூரிலும் இருக்கின்றன. சித்ரா ஒவ்வொரு கதவாகத் தட்டிப் பார்த்தாள். மார்பில் வந்த நோயை வெளியில் சொல்வதா என்று கதவைச் சாத்துகிறார்கள். அந்த வெட்கம்தான் அவனுக்குக் காவல் நிற்கிறது. உங்கள் வீடும் அவற்றில் ஒன்றா? அப்படியானால் வெட்கப்படவேண்டியவன் அவன், நீங்கள் அல்ல. சித்ராவோடு வந்து சாட்சி சொல்லுங்கள்.