பேட்ஜ் இல்லாத எண்ணூர்

போன மாதம் இந்த வலைப்பூவில் அணுமின்சாரம் பற்றி எழுதியதற்கு வந்த பின்னூட்டங்களில் பாதி திட்டு. மீதியில் ஒருவர், "அணுவெல்லாம் எதுக்குங்க, நிலக்கரிதான் இருக்கவே இருக்கே" என்று ரொம்பச் சுலபமாகச் சொல்லியிருந்தார். நல்லது ஐயா. இருக்கவே இருக்கிற அந்த நிலக்கரியைப் போய்ப் பார்த்துவிட்டு வந்திருக்கிறேன். 2008 ஜூலை, இரண்டாம் சனிக்கிழமை, காலையில் கிளம்பி ராத்திரி வீடு திரும்பிய ஒரு நாள் பயணம்.

உங்களுக்குப் பதில் சொல்லவா போனேன்? இல்லை. என் அக்கா செல்வி எண்ணூரில் வாழ்க்கைப்பட்டவள். அவள் கணவர் ஏழுமலை மாமா அங்கே கழிமுகத்தில் இறால் பிடிப்பவர். ஒரு வருடமாக நாலு எட்டு நடந்தால் மூச்சு வாங்குகிறது. "இடத்தை மாத்துங்க, இல்லேன்னா மருந்து கொடுத்தும் பிரயோஜனமில்லை" என்று டாக்டர் சொல்லிவிட்டார். இருவரையும் என் வீட்டுக்கே அழைத்து வந்துவிட வேண்டும் என்றுதான் கிளம்பினேன். என் வீடு சென்னைக்குத் தெற்கே ஓர் அணுமின் நிலையத்தின் பக்கத்தில் இருக்கிறது. வேலையும் அங்கேதான். ஊர்ப்பெயர் வேண்டாம், எனக்கு வேலை முக்கியம்.

காலை 5.40 பேருந்து, பாரிமுனைக்கு 8.10. டிக்கெட் 28 ரூபாய். அங்கிருந்து கடற்கரை ஸ்டேஷனுக்குப் பத்து நிமிட நடை. 8.45 கும்மிடிப்பூண்டி லோக்கல், எண்ணூருக்கு 6 ரூபாய். ராயபுரத்தில் மீன்கூடைக்காரம்மாக்கள் ஏறினால் பெண்கள் பெட்டியில் உட்கார இடம் கிடைக்காது, முன்னாலேயே பிடித்துக்கொள்ளுங்கள். கொருக்குப்பேட்டை தாண்டியதும் மூக்கில் ஒரு நெடி ஏறும். திருவொற்றியூரில் அது வேறு நெடியாக மாறும். என் பக்கத்தில் இருந்த அம்மா, "சன்னல மூடு மா, கண்ணுல பூந்துக்கும்" என்றார். எது என்று கேட்டேன். "எதுனாதான்" என்றார். அவ்வளவு தெளிவான பதிலை நான் எந்த அதிகாரியிடமும் வாங்கியதில்லை.

9.25க்கு எண்ணூர். அக்கா வீடு ஸ்டேஷனிலிருந்து மூன்று கிலோமீட்டர், ஷேர் ஆட்டோ 5 ரூபாய். டிரைவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "இன்னா மா, வெள்ளத் துப்பட்டா போட்டுகினு வந்துகீற? சாயங்காலம் பாரு அது கதிய." வழியில் அனல்மின் நிலையத்தின் புகைபோக்கியைக் காட்டி, "இங்கேர்ந்துதான் ஊருக்கே கரண்டு போவுது. எங்க வூட்டுல பேன் நின்னு ரெண்டு அவராச்சி" என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அக்கா வீட்டில் தட்டு, டம்ளர் எல்லாம் கவிழ்த்தே இருக்கும். சோற்றுப்பானை மேல் ஈரத்துணி. துவைத்ததை வெளியே காயப்போட முடியாது, வீட்டுக்குள்ளேயே கொடி. காற்று இந்தப் பக்கம் திரும்பினால் சாம்பல் வரும், ஓடிப்போய்க் கதவைச் சாத்த வேண்டும். நான் இருந்த ஏழு மணி நேரத்தில் அக்கா நான்கு தடவை ஓடினாள்.

மாமா சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். எலும்பும் தோலுமாகிவிட்டார். டீ குடித்த கையோடு பேச்சை ஆரம்பித்தேன். எங்கள் ஊரில் புகை கிடையாது, சாம்பல் கிடையாது, கப்பல் கப்பலாக நிலக்கரி இறக்க வேண்டாம், மழை பெய்தாலும் காற்று நின்றாலும் மின்சாரம் வரும், கொஞ்சம் எரிபொருள் வெகுகாலம் எரியும் என்று அடுக்கினேன். பாத்திரம் விற்க வந்தவள் மாதிரி இருந்தது எனக்கே. அதனால் மறுபக்கத்தையும் சொன்னேன். எரிந்து முடிந்ததை நம் பேரப்பிள்ளைகள் காலம் தாண்டியும் யாராவது காவல் காக்க வேண்டும். ஏதாவது நடந்தால் ஊரையே காலி செய்ய வேண்டும்.

"அத்த சொல்லு" என்றாள் அக்கா. "மூணு வருசம் மின்னாடி உன் வூட்டுக்கு வந்தமே, சங்கு ஊதிச்சே. நெனவு கீதா?"

நினைவில்லாமல் என்ன. எங்கள் நிலையத்தில் அவ்வப்போது ஆபத்துக்கால ஒத்திகை நடக்கும். அன்றைக்கு ஒத்திகை என்று எனக்கு ஒரு வாரம் முன்பே தெரியும். காலையில் வேலைக்குப் போகிற அவசரத்தில் இவர்களிடம் சொல்ல மறந்துவிட்டேன். சங்கு ஊதியதும் நிஜம் என்று நினைத்து, இரண்டு பேரும் செருப்புகூடப் போடாமல் மெயின் ரோட்டுக்கு இரண்டு கிலோமீட்டர் ஓடியிருக்கிறார்கள். மாமா பாதி வழியில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். ஒத்திகைதான் என்று ஒரு டீக்கடைக்காரர் சொல்லித்தான் தெரிந்திருக்கிறது. தப்பு என்னுடையது, அணுவின் தலையில் கட்ட முடியாது. ஆனால் அதை நடத்துவதும் என்னைப் போல மறந்துபோகிற மனுஷர்கள்தானே?

"இங்க இன்னா வுழுதுன்னு கண்ணால பாக்கறேன், தொடச்சிக்கறேன்" என்றாள் அக்கா. "உன் ஊர்ல எத்தடி தொடைக்கறது?"

மாமாதான் குறுக்கே வந்தார். "சொம்மா இரு செல்வி. ஏம்மா, உங்க ஆபீஸ்ல ஒரு பேட்ஜ் குடுக்கறாங்களாமே? அத்த மாட்டிக்கினா உடம்புல ஒண்ணியும் ஏறாதாமே? எனக்கு ஒண்ணு கொண்டாந்து குடேன். அத்தப் போட்டுகினு தண்ணில எறங்கறேன். வூடு மாறி இன்னாத்துக்கு?"

அந்த பேட்ஜை வாசிப்பதுதான் என் வேலை. உள்ளே போகிறவர்கள் மார்பில் குத்திக்கொள்ளும் சின்ன அட்டை அது. மெஷினில் வைத்து, யார் உடம்பு எவ்வளவு கதிர்வீச்சு வாங்கியது என்று பார்த்து, அவரவர் பேருக்கு நேராகப் பதிவேட்டில் ஏற்ற வேண்டும்.

"அது எதையும் தடுக்காது மாமா. எவ்வளவு ஏறிச்சுன்னு காட்டும், அவ்வளவுதான். நாங்க எழுதி வெப்போம். அளவு தாண்டினா ஆளை வேற வேலைக்கு மாத்திடுவாங்க."

அவர் சுவரை விட்டு நிமிர்ந்து உட்கார்ந்தார். அப்புறம், "ஒவ்வொருத்தனுக்கும் தனித்தனியா எழுதறீங்களா?" என்று கேட்டார்.

"ஆமா மாமா."

"முப்பது வருசமா துன்னுகினு கீறேன் மா இந்தச் சாம்பல. எவனாச்சும் ஒரு வரி எழுதிகீறானா?"

சொல்லும்போதே இருமல் வந்துவிட்டது. அடங்கக் கால் மணி நேரம் ஆனது. அதற்குப் பிறகு வாங்க என்று கூப்பிட எனக்கு வாய் வரவில்லை. அவரும் வருவதாகச் சொல்லவில்லை.

மூன்று மணிக்குக் கழிமுகத்தைக் காட்டக் கூட்டிப்போனார். நானூறு அடி தூரத்துக்கு மூன்று தடவை நின்றோம். இடுப்பளவு தண்ணீரில் கையால் துழாவி இறாலைப் பிடித்து, பல்லில் கடித்திருக்கும் ஓலைப்பையில் போடுவார்கள். மாமாவும் அப்படித்தான். இப்போது கரையிலேயே கால் கணுக்கால்வரை சாம்பல் சேற்றில் புதைகிறது. "நாளிக்கு எறங்கணும்" என்றார். வேண்டாம் மாமா என்றேன். "வேற இன்னா தெரியும் எனக்கு?" என்றார்.

5.10 ரயில் பிடித்தேன். ராயபுரம் வரைக்கும் அழுதுகொண்டே வந்தேன், யாரும் ஏன் என்று கேட்கவில்லை. நம்பிக்கையாக ஏதாவது எழுதி முடிக்கப் பார்த்தேன், ஒன்றும் தேறவில்லை. ஃபேனும் வேண்டும், ஃப்ரிட்ஜும் வேண்டும் என்கிற நாம், அணுவா நிலக்கரியா என்று ஏ.சி. அறையில் சண்டை போடுகிறோம். இரண்டில் எது வந்தாலும் பக்கத்தில் குடியிருப்பவனை யாரும் கேட்கப்போவதில்லை.

போகிறவர்களுக்குச் சில விஷயங்கள். தண்ணீர் கையோடு கொண்டுபோங்கள். ஆஸ்துமா இருந்தால் போகவே வேண்டாம். போக வர மொத்தம் 78 ரூபாய்தான் ஆகும். முக்கியமாக, ஒரு வெள்ளைத் துணி போட்டுக்கொண்டு போங்கள்.

என் துப்பட்டாவை நான் இன்னும் துவைக்கவில்லை. மடிப்பெல்லாம் சாம்பல் நிறம். திங்கட்கிழமை ஆபீசில் எல்லா பேட்ஜும் வரம்புக்குள் என்று எழுதிவிட்டு வந்து, துப்பட்டாவை ஒரு பிளாஸ்டிக் கவரில் போட்டு, மேலே எழுதினேன்: ஏழுமலை, எண்ணூர், காலை பத்து முதல் மாலை ஐந்து வரை. அவர் பேரில் இருக்கிற ஒரே பதிவு அதுதான். அதை வாசிக்கிற மெஷின் எங்கள் ஆபீசில் இல்லை.