நாற்பத்தோராம் நிரை

அப்பா இறந்து ஐம்பத்திரண்டு நாளாகியும் பிரேமலாவுக்கு அழுகை வரவில்லை. காடாற்று முடிந்தது, பதினாறாம் நாள் காரியமும் முடிந்தது. வந்த சொந்தக்காரர்கள் எல்லாரும் அவள் முகத்தை உற்று உற்றுப் பார்த்துவிட்டு, சாப்பிட்டுவிட்டுப் போனார்கள். "கல்நெஞ்சுக்காரி" என்று ஒரு அத்தை காதுபடவே சொன்னாள். பிரேமலாவுக்குக் கோபம் வரவில்லை. அத்தை சொல்வது உண்மையாக இருந்துவிடுமோ என்ற பயம்தான் வந்தது. ஒரு தடவை அழுதுவிட்டால் போதும் என்றிருந்தாள்.

அவள் அப்பா ஐயாசாமி செய்த வேலையைச் சட்டென்று யாருக்கும் சொல்லி விளங்கவைக்க முடியாது. ஆள் விரல் வைக்காமலே வாசிக்கும் பழைய பியானோக்களைப் பழுது பார்த்தவர் அவர். கீழே காலால் மிதித்தால் உள்ளே துருத்தி காற்றை இழுக்கும். ஓட்டை போட்ட காகிதச் சுருள் சுற்றும். ஓட்டை வருகிற இடத்தில் அதற்குரிய கட்டை தானாக அமுங்கும். எண்பத்தெட்டுக் கட்டைகள், எண்பத்தெட்டு ரப்பர் குழாய்கள்.

சிங்கப்பூருக்கு எதிர்க்கரையில், பாசிர் கூடாங் தொழிற்சாலையொன்றில் காற்றுக் குழாய்களைக் கவனித்துக்கொண்டிருந்தவரை, "உனக்குத்தான் காற்று தெரியுமே" என்று ஒரு சீன மேலாளர் தன் வீட்டுப் பியானோவின் முன்னால் கொண்டுபோய் நிறுத்தியதில் எல்லாம் தொடங்கியது. சங்கீதம் அவருக்கு மருந்துக்கும் கிடையாது. அவர் பாட ஆரம்பித்தால் அம்மா தனலெட்சுமி எழுந்து அடுப்படிக்குப் போய்விடுவாள். ஆனால் காற்று எங்கே ஒழுகுகிறது, எங்கே அடைத்துக்கொண்டிருக்கிறது என்பது அவருக்குத் தெரியும். விடுமுறை நாள்களில் செய்துவந்தவர், வேலை ஓய்வுக்குப் பிறகு ஸ்கூடாயில், கார் பட்டறைக்குப் பக்கத்தில் ஒரு கடையை வாடகைக்குப் பிடித்துக்கொண்டார். சிங்கப்பூரிலிருந்துகூட லாரியில் பியானோ வரும்.

அவர் பிறந்தது ரப்பர் தோட்டத்தில். பேச்சு கடைசிவரை அங்கேயேதான் இருந்தது. மர வரிசையை நிரை என்பார்கள் அல்லவா, குழாய்களையும் அவர் நிரை என்றே எண்ணுவார். ஒரு கட்டை ஒலிக்காவிட்டால், "இருபதாம் நிரையில பால் வரல" என்பார். குழாயில் தூசி அடைத்திருந்தால், "கட்டிப்பால் அடைச்சிருக்கு" என்பார். அடைப்பைக் கண்டுபிடிக்க அவருக்கு ஒரே வழிதான். குழாயைக் கழற்றி, ஒரு முனையை வாயில் வைத்து உறிஞ்சுவார்.

பிரேமலாவுக்கு அதைப் பார்த்தாலே குமட்டும். அடுத்தவர் வாய் வைத்த போத்தலில் ஒரு சொட்டுத் தண்ணீர் குடிக்காதவள் அவள். "யாரு வீட்டு அழுக்கோப்பா!" என்று கத்துவாள். அம்மா கத்தமாட்டாள். சாயங்காலம் கேட்டருகே ஒரு டம்ளர் தண்ணீரோடு நின்று, "வாய கொப்புளிச்சிட்டு உள்ள வாங்க" என்பாள். அம்மா திரும்பியதும் அப்பா அந்தத் தண்ணீரைக் கறிவேப்பிலைத் தொட்டியில் ஊற்றிவிட்டு, "ஆச்சு, ஆச்சு" என்பார். ஜன்னல் வழியாக இதை எத்தனையோ தடவை பார்த்திருக்கிறாள் பிரேமலா. காட்டிக்கொடுத்ததில்லை.

மாதக் கடைசிக்குள் கடையைக் காலி செய்ய வேண்டும். உளிகளையும் பசைச் சட்டிகளையும் மேசையையும் யார் யாரோ வந்து தூக்கிப் போனார்கள். யாரோ வீடு மாறுவதைப் பார்ப்பதுபோல் அவள் பார்த்துக்கொண்டிருந்தாள். சனிக்கிழமை காலையில் மிஞ்சியிருந்தது அப்பா முடிக்காமல் விட்ட ஒரே ஒரு பியானோ. எல்லாக் கட்டையும் ஒலித்தால் எடுத்துக்கொள்வேன் என்று சிங்கப்பூரிலிருந்து லிம் என்பவர் வந்திருந்தார். அவர் வேண்டாமென்றால் மத்தியானம் பழைய சாமான் லாரியில் ஏற வேண்டியதுதான்.

லிம் உட்கார்ந்து மிதித்தார். ஏதோ பழைய நடனப் பாட்டு. நடுவில் ஒரு கட்டை மட்டும் ஒவ்வொரு முறையும் ஊமையாகவே இருந்தது. அவர் சுவரில் தொங்கிய அப்பாவின் 555 என்று அட்டை போட்ட சின்னக் குறிப்பு நோட்டை எடுத்துப் புரட்டினார். தமிழ் எழுத்தைப் பார்த்துவிட்டு அவளிடம் நீட்டினார். கடைசிப் பக்கத்தில் ஒரே வரி.

"41-ம் நிரை பால் வரல. நாளைக்கு."

அந்த நாளை விடியும் முன்பே அவர் போய்விட்டார்.

"என்ன எழுதியிருக்கிறது?" என்று லிம் ஆங்கிலத்தில் கேட்டார். மரமும் பாலும் ஆங்கிலத்தில் வரவில்லை. அவள் முன்பலகையைக் கழற்றி, இடமிருந்து எண்ணி, நாற்பத்தோராவது குழாயை இரண்டு முனையிலும் பிடுங்கினாள். ஒரு முனையில் லேசான பல் தடம் இருந்தது. துடைக்கலாமா என்று நினைத்தாள். துடைக்காமல் அப்படியே வாயில் வைத்து உறிஞ்சினாள்.

காற்று வரவில்லை. கன்னம் ஒட்டிப்போகும் அளவுக்கு உறிஞ்சினாள். நாக்கில் சின்னதாக ஏதோ வந்து விழுந்தது. காகிதத் தூசியின் உருண்டை. பிறகு குழாய் முழுக்கக் காற்று வந்தது.

குழாயைப் பொருத்தினாள். லிம் மிதித்தார். ஊமையாக இருந்த கட்டை மற்றவற்றோடு சேர்ந்து அமுங்கி எழுந்தது. "போலே, போலே" என்று மலாயில் சரி சொல்லிச் சிரித்துக்கொண்டே அவர் ஆட்களைக் கூப்பிட்டார். பியானோ லாரியில் ஏறியது. அப்போதும் அவளுக்கு அழுகை வரவில்லை. சாவியைக் கடையின் சொந்தக்காரரிடம் கொடுத்துவிட்டு, நெரிசலில் ஊர்ந்து ஊர்ந்து வீட்டுக்கு வந்தாள். வழியில் தண்ணீர்ப் போத்தல் பக்கத்திலேயே இருந்தும் குடிக்கவில்லை.

கேட்டைத் திறந்தபோது அம்மா வந்தாள். மகளின் உதட்டோரத்தில் கறுப்பாக ரப்பர் கறை. அம்மா அதைப் பார்த்தாள். உள்ளே போய் டம்ளரில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள்.

"வாய கொப்புளிச்சிட்டு உள்ள வா."

அம்மா திரும்பினாள். பிரேமலாவுக்குக் கொப்பளிக்க மனம் வரவில்லை. தண்ணீரைத் தொட்டியில் ஊற்றினாள்.

"ஆச்சும்மா."

அம்மா திரும்பிப் பார்க்காமலே சொன்னாள்: "உங்கப்பாவும் இப்படித்தான். முப்பது வருசமா அந்தக் கறிவேப்பிலைக்குத்தான் ஊத்துனாரு. எனக்குத் தெரியாதுன்னு நெனப்பு."

பிரேமலா கேட்டைப் பிடித்துக்கொண்டு, வாயில் ரப்பர் ருசியோடு, பக்கத்து வீட்டுக்காரர்கள் எட்டிப் பார்க்கும் அளவுக்கு அழுதாள்.