கேளாமலே சொன்ன பதில்

விடுமுறையில் மாணவர்களுக்குக் கொழும்புக் கம்பனிகளில் பயிற்சி இடம் தேடிக் கொடுப்பது விரிவுரையாளர் பார்த்தீபனின் பொறுப்பு. கணினி படிப்பவர்களுக்கு எப்படியும் கிடைத்துவிடும். புத்தூரிலிருந்து வந்து கணிதம் படித்த தாரிகா வருடாவருடம் கேட்பாள்.

"எங்களுக்கு ஒண்டும் இல்லையோ சேர்?"

"கணிதத்துக்கு ஆர் பிள்ளை இடம் தருவினம்?" யாரிடமும் விசாரிக்காமலே அவர் சொல்லி அனுப்பிவிடுவார்.

அவள் பட்டம் பெற்றுப் போன பிறகு, ஒரு கம்பனி முகாமையாளர் தொலைபேசியில் சொன்னார்: "கணிதம் படிச்சவையைத்தான் நாங்கள் தேடுறம். நீங்கள் ஒருத்தரையும் அனுப்புறேல்லையே."

பார்த்தீபன் அன்றே தாரிகாவைத் தொலைபேசியில் அழைத்து, அந்தப் பயிற்சி இடத்துக்குப் போகச் சொன்னார். அவள் மருதனார்மடத்தில் ஒரு புடவைக்கடையில் வேலை செய்துகொண்டிருந்தாள்.

"உது படிக்கிற பிள்ளையளுக்குத்தானே சேர்," என்றாள் கோபமில்லாமல். "எங்கடை ஊர் வினோஜா இப்ப கணிதம் மூண்டாம் வருசம். அவளைக் கேளுங்கோ."

வினோஜா கொழும்புக்குப் போனாள். மருதனார்மடத்தைக் கடக்கும்போது பார்த்தீபன் இன்றும் அந்தக் கடைப்பக்கம் பார்ப்பதில்லை.