முப்பது நாள் மாவுக்கட்டு

24 நாள், 20 மணி, 31 நிமிடம். அதற்கு மேல் காத்திருக்கச் சொன்னால் ஜாவாஸ்கிரிப்ட் என்ற நிரல்மொழியின் டைமர் காத்திருக்காது; சொன்ன நொடியே வேலையை முடித்துவிடும். எலும்பு மருத்துவமனையின் கணினி அறையில் பதினாறு வருடங்களாகக் குப்பை கொட்டியவருக்கு இது தெரியவந்தது நாற்பத்தொன்றாவது வயதில், ஒரு செவ்வாய்க்கிழமை காலை, சொந்த அக்காவின் மணிக்கட்டு வழியாக.

அவர் எழுதிய நிரல் அன்றுதான் முதன்முதலாக ஓடியது. மாவுக்கட்டு போட்டதும் கட்டுக்காரர் ஒரு பொத்தானை அமுக்குவார். முப்பது நாள் கழித்து நோயாளியின் போனுக்குச் செய்தி போகும். ஒரு நிமிடம் வைத்துச் சோதித்தபோது கச்சிதமாக வந்தது. முப்பது நாள் யார் உட்கார்ந்து பார்ப்பது?

மணிக்கட்டு எலும்பை முறித்துக்கொண்டு வந்திருந்த அக்கா பஸ் ஓட்டுபவள். எலும்பு கோணலாக ஒட்டினால் ஸ்டியரிங்கை மறந்துவிட வேண்டியதுதான். கட்டு இன்னும் காயவில்லை, அதற்குள் போன் கூவியது: ‘உங்கள் முப்பது நாள் முடிந்தது. கட்டைப் பிரிக்க உடனே வரவும்.’

கட்டுக்காரர் ரம்பத்தை எடுத்தார். “கையக் குடுங்கம்மா.”

“இப்பத்தானேய்யா போட்டீங்க?”

“மெசேஜ் வந்தா பிரிக்கணும். பெரிய டாக்டர் உத்தரவு. அதோ, அவருக்குக் காலையிலேர்ந்து மூணு தடவை போட்டு மூணு தடவை பிரிச்சாச்சு.”

மூலையில் காலை நீட்டியிருந்தவர் தலையாட்டினார். “போட்ட உடனே குணமாயிடுதாம். நல்ல ஆஸ்பத்திரி!”

அக்கா பக்கத்தில் நின்ற தம்பியிடம் திரும்பினாள். “டேய், என் கை நெஜமா ஒட்டிடுச்சா?”

“இல்லக்கா...”

“அப்ப உன் மண்டைக்குத்தான் கட்டுப் போடணும்.”

ரம்பம் உறுமியது. தம்பி குறுக்கே பாய்ந்தார். “அண்ணே, நிறுத்துங்க! அத எழுதினவனே நான்தான்!”

“எழுதினது நீங்க. சொல்றது மெசேஜ். நான் யார் பேச்சக் கேக்கறது? நிறுத்தச் சொல்லி ஒரு மெசேஜ் வரட்டும், நிறுத்தறேன்.”

இரண்டு மாடி ஏறி ஓடினார். டைமருக்கு இருபத்தைந்து நாள் கொடுத்துப் பார்த்தார், உடனே அடித்தது. இருபத்துநாலு கொடுத்தார், வாயை மூடிக்கொண்டது. விஷயம் புரிந்ததும் மருத்துவமனை எண்ணிலிருந்து கட்டுக்காரரின் போனுக்குக் கைப்படத் தட்டினார்: ‘யாருடைய கட்டையும் பிரிக்க வேண்டாம்.’

கீழே வந்தபோது அக்கா கையை முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டு கட்டிலைச் சுற்றிக்கொண்டிருந்தாள். வயர் எட்டும் தூரம்வரை கட்டுக்காரரும் சுற்றிக்கொண்டிருந்தார். அவர் செய்தியை இரண்டு முறை படித்தார், ரம்பத்தை அணைத்தார்.

அன்று மாலைக்குள் நிரல் மாறியது. இப்போது அது முப்பது நாள் காத்திருப்பதில்லை. தினமும் காலையில் தேதியைப் பார்த்து, யாருடைய நாள் வந்திருக்கிறது என்று மட்டும் தேடுகிறது. அக்காவுக்கான செய்தி அடுத்த மாதம் பதினான்காம் தேதி காலை பத்து மணிக்குப் போகும்.